பராமரித்தவரின் கையில் ஆறத் தாமதித்த காயம்: மன அழுத்தமும் அழற்சியும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸில், 1990களின் நடுப்பகுதியில், 26 பெண்கள் ஓர் ஆய்வுக்காகத் தங்கள் கையில் சிறியதொரு காயத்தை ஏற்றுக்கொண்டார்கள். தோல் மருத்துவர்கள் சோதனைக்குத் திசு எடுக்கப் பயன்படுத்தும் வட்டக் கருவியால், 3.5 மில்லிமீட்டர் விட்டத்தில் தோல் வெட்டி எடுக்கப்பட்டது. இவர்களில் 13 பேர் மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்துக்கொண்டிருந்தவர்கள். மற்ற 13 பேருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. இரு தரப்பாரின் வயதும் குடும்ப வருமானமும் ஏறக்குறைய ஒத்திருக்கும்படி பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்; சராசரி வயது ஒரு பக்கம் 62, மறுபக்கம் 60. காயம் எல்லோருக்கும் ஒரே அளவு. ஆற எடுத்துக்கொண்ட காலம்தான் வேறுபட்டது. பராமரிக்கும் பெண்களுக்குச் சராசரியாக 48.7 நாட்கள் ஆயின, மற்றவர்களுக்கு 39.3 நாட்கள்.

ஒன்பது நாட்களைத் தாண்டிய இந்த வேறுபாட்டை 1995இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டவர்கள் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும். ஜேனிஸ் மருத்துவ உளவியலாளர். குழுவில் இருந்த அவருடைய கணவர் ரொனால்ட் கிளேசர் வைரஸ் ஆய்வு, நோய் எதிர்ப்பியல் ஆகிய துறைகளில் பயின்றவர். மனம் படும் பாடு இரத்த அணுக்களில் எப்படிப் பதிகிறது என்ற கேள்வியை இந்தத் தம்பதியர் 1980களின் தொடக்கத்திலிருந்தே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் தேர்வு எழுதும் மருத்துவ மாணவர்களிடம் ஆராய்ந்தார்கள். பிறகு மறதிநோயாளிகளின் குடும்பங்களிடம் வந்தார்கள்.

காயத்துக்கும் கிருமிக்கும் உடல் காட்டும் எதிர்ப்புதான் அழற்சி. மன அழுத்தம் உடலில் அதைக் கூட்டும் என்று இன்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். கொலம்பஸ் ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் அந்த ஒற்றை வரி போதாது என்பது புரியும். காயத்தில் வேண்டிய அழற்சி போதாமல் போகிறது. இரத்தத்தில் வேண்டாத அழற்சி அடங்காமல் நிற்கிறது. ஒரே மனிதரின் உடலில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. மன அழுத்தம் செய்யும் கேட்டை இந்த இடமாற்றத்தில்தான் தேட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நுரை நிற்கும் நாள்

காயம் ஆறிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? கண்ணால் பார்த்துச் சொன்னால் பார்ப்பவரின் விருப்பம் உள்ளே நுழைந்துவிடும். கொலம்பஸ் குழு இரண்டு வழிகளைக் கையாண்டது. ஒன்று, காயத்தைத் தொடர்ந்து புகைப்படம் எடுத்து அளப்பது. இன்னொன்று, எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு. திறந்த காயத்தில் அதை விட்டால் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வரும். திசுவிலும் இரத்தத்திலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்ஸைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதால் வரும் நுரை அது. மேலே புதுத்தோல் மூடிவிட்டால் நொதிக்கும் மருந்துக்கும் தொடர்பு அறுந்துபோகும், நுரை வராது. நுரை வராத நாளே காயம் ஆறிய நாள் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். எளிய அளவுகோல்தான், ஆனால் அளப்பவரின் கைச்சாய்வுக்கு அதிக இடம் தராத அளவுகோல்.

இருபத்தாறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. யார் பராமரிப்பாளராக வேண்டும், யார் ஆகக் கூடாது என்று குலுக்கிப் போட்டு யாரும் முடிவுசெய்ய முடியாது. எனவே மறைந்திருக்கும் வேறு காரணங்கள் கணக்கில் கலந்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. அந்த ஐயத்துக்குப் பெரும்பகுதி விடை தந்தது 1998இல் வந்த இன்னோர் ஆய்வு. இதே குழுவைச் சேர்ந்த ஃபிலிப் மருச்சா முன்னின்று நடத்தினார். 11 பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில், கோடை விடுமுறையில் ஒருமுறையும், பருவத்தின் முதல் பெரிய தேர்வுக்கு மூன்று நாட்களுக்கு முன் மறுபக்கத்தில் ஒருமுறையும், ஒரே அளவு காயம் உண்டாக்கினார்கள். இங்கே ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு. அதே வாய், அதே வயது, அதே உடல். தேர்வு நேரத்துக் காயம் ஆறச் சராசரியாக மூன்று நாட்கள், அதாவது 40 சதவீதம், கூடுதலாகப் பிடித்தது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: இவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள், தேர்வு அவர்களுக்குப் புதியதும் அல்ல.

காயம் ஏன் தாமதித்தது? இங்கே அழற்சியின் நல்ல முகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்ட இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிப்பதை நோயாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அது காயத்தைச் சுத்தம் செய்யும் படை வந்து இறங்குவதன் அடையாளம். காயம் பட்டவுடன் அங்குள்ள அணுக்கள் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-8 போன்ற சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. இவை அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் வேதிச் செய்திகள். இந்தச் செய்தி கிடைத்தால்தான் வெள்ளை அணுக்கள் வந்து சேர்ந்து கிருமியையும் இறந்த திசுவையும் அகற்றும்; அதன் பிறகே புதுத்திசு கட்டும் அணுக்கள் வேலையைத் தொடங்கும். முதல் சில நாட்களின் அழற்சி மந்தமானால் பின்னால் வரும் எல்லாமே பிந்தும்.

பராமரிக்கும் பெண்களின் இரத்தத்திலிருந்து எடுத்த வெள்ளை அணுக்களைப் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளால் தூண்டிப் பார்த்தபோது, அவை இன்டர்லூக்கின்-1 பீட்டாவுக்கான மரபணுச் செய்தியை மற்றவர்களின் அணுக்களைவிடக் குறைவாகவே உருவாக்கின. பல் மருத்துவ மாணவர்களிடமும் தேர்வுக் காலத்தில் அதே செய்தி 68 சதவீதம் குறைந்திருந்தது. 1999இல் 36 பெண்களிடம் காயத்திலேயே ஊறும் திரவத்தை எடுத்து அளந்தார்கள். அதிக மன அழுத்தம் இருப்பதாகச் சொன்னவர்களின் காயத்தில் இன்டர்லூக்கின்-1 ஆல்பாவும் இன்டர்லூக்கின்-8உம் குறைவாக இருந்தன.

ஆக, காயத்தின் கதை அழற்சி குறைந்துபோன கதை.

இரத்தத்தில் ஏறிய கணக்கு

2003இல் இதே குழு அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு நீண்டகால ஆய்வை வெளியிட்டது. இம்முறை மறதிநோய் கண்ட கணவரையோ மனைவியையோ பராமரிக்கும் 119 பேர். ஒப்பிட 106 பேர். வயது 55 முதல் 89 வரை. ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அவர்களின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 அளக்கப்பட்டது.

வயது ஏற ஏற இந்தப் பொருள் எல்லோருக்கும் சிறிது சிறிதாகக் கூடும். இது கல்லீரலைத் தூண்டி சி-ரியாக்டிவ் புரதத்தைச் சுரக்க வைக்கிறது. இதய நோய், இரண்டாம் வகை நீரிழிவு, எலும்பு மெலிவு, முதுமையில் வரும் தளர்ச்சி ஆகியவற்றோடு இரண்டுக்கும் தொடர்பு உண்டு. காயம் எதுவும் இல்லாத உடலில் தணியாமல் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சியின் அடையாளம் இது. பராமரிப்பவர்களிடம் இன்டர்லூக்கின்-6 ஏறிய வேகம் மற்றவர்களிடம் ஏறிய வேகத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. நாட்பட்ட நோய்களோ மருந்துகளோ உடல்நலப் பழக்கங்களோ இந்த வேறுபாட்டை விளக்கப் போதவில்லை என்று குழு பதிவுசெய்தது.

அந்த ஆய்வில் என்னை அதிகம் பாதித்தது வேறொரு முடிவு. ஆறு ஆண்டுகளில் பலரின் துணைவர்கள் இறந்துபோனார்கள். பராமரிப்பு முடிந்தது. இனி இரவில் எழ வேண்டியதில்லை, வாசற்கதவைப் பூட்டிக் காவல் இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் இறப்புக்குச் சில ஆண்டுகள் கழித்தும்கூட இன்டர்லூக்கின்-6 ஏறும் வேகம், இன்னும் பராமரித்துக்கொண்டிருந்தவர்களின் வேகத்திலிருந்து வேறுபடவில்லை. சுமை இறங்கிவிட்டால் உடல் தானே சரியாகிவிடும் என்ற நம் எண்ணத்தை இந்த முடிவு அசைக்கிறது. மறதிநோயாளியின் துணைவர் உண்மையில் பல ஆண்டுகளாகவே துக்கம் காக்கிறார். கூட வாழ்ந்தவர் தன்னை அடையாளம் தெரியாமல் பார்க்கும் நாளிலேயே இழப்பு தொடங்கிவிடுகிறது; இறுதிச் சடங்கு அதற்கு முற்றுப்புள்ளி வைப்பதில்லை.

ஒரே கையில் இரண்டு முடிவுகள்

காயத்தில் குறைவு, இரத்தத்தில் மிகுதி. இந்த இரண்டும் வெவ்வேறு ஆய்வுகளில், வெவ்வேறு மனிதர்களிடம் கிடைத்தவை என்பதால், முரண்பாடு போலத் தோன்றுவது இயல்பு. இரண்டையும் ஒரே ஆட்களிடம் ஒரே நேரத்தில் அளந்தது 2005இல் வெளியான தம்பதியர் ஆய்வு. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் அழகான சோதனைகளில் ஒன்று அது.

22 முதல் 77 வயது வரையிலான 42 தம்பதியர், இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒருநாள் முழுதும் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் தங்கினார்கள். கையில் உறிஞ்சு கருவியால் சிறு கொப்புளங்களை எழுப்பி, மேல்தோலை நீக்கி, அந்த இடத்தில் ஊறும் திரவத்தைச் சேகரித்தார்கள். முதல்முறை வந்தபோது ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசச் சொன்னார்கள். அடுத்த முறை, இருவருக்கும் இடையே தீராமல் கிடக்கும் ஒரு பிணக்கைப் பேசச் சொன்னார்கள். பேச்சு முழுவதையும் பதிவுசெய்து, யார் எவ்வளவு கடுமையாக நடந்துகொண்டார்கள் என்று கணக்கிட்டார்கள்.

பிணக்கைப் பேசிய முறை காயங்கள் மெதுவாக ஆறின. காயத் திரவத்தில் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்றவை குறைந்திருந்தன. இரண்டு முறையும் ஒருவர்மீது ஒருவர் பகைமையோடு பேசிய தம்பதியரின் காயம் ஆறிய வேகம், இணக்கமானவர்களின் வேகத்தில் 60 சதவீதம் மட்டுமே. ஆனால் அதே பகைமைத் தம்பதியரின் இரத்தத்தை மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது, பிணக்குப் பேச்சுக்குப் பிறகு இன்டர்லூக்கின்-6உம், டிஎன்எஃப்-ஆல்பா என்ற இன்னோர் அழற்சிச் சைட்டோகைனும் மற்றவர்களைவிட அதிகமாக ஏறியிருந்தன.

கையில் போதவில்லை, இரத்தத்தில் மிஞ்சுகிறது. ஒரே ஆள், ஒரே இரவு.

கேட்காமல்போன கட்டளை

இது எப்படி நடக்கிறது? ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் இரண்டு பாதைகள் திறக்கின்றன. ஒன்று வேகமானது: பரிவு நரம்புகள் நார்அட்ரீனலினைச் சுரக்கின்றன. ஆட்களுக்கு முன்னால் நிறுத்திப் பேசவைத்து, மனக்கணக்குப் போடச்சொல்லும் ‘ட்ரையர்’ சோதனையில் 19 பேரை ஜெர்மானிய ஆய்வாளர்கள் உட்படுத்தியபோது, 17 பேரின் வெள்ளை அணுக்களுக்குள் என்எஃப்-கப்பா பி என்ற புரதம் விரைவிலேயே விழித்துக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. அழற்சி மரபணுக்களை இயக்கும் முக்கியமான திறவுகோல் இந்தப் புரதம். 2003இல் வந்த அந்த முடிவு ஒரு செய்தியைத் தெளிவாக்கியது: கிருமி இல்லாமலேயே, நாலு பேர் முன்னால் நின்று தடுமாறுவதே அழற்சிப் பாதையைத் தொடப் போதுமானது.

மற்றது மெதுவான பாதை. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் செய்தி அனுப்ப, கார்ட்டிசால் சுரக்கிறது. கார்ட்டிசால் அழற்சியை அடக்குவது. மருத்துவர்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் இதன் உறவினங்கள்தான். காயத்தில் முதல் அழற்சி மந்தமாவதற்குக் கார்ட்டிசால் ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

அப்படியென்றால் நாட்பட்ட அழுத்தத்தில் இரத்த அழற்சியும் அடங்கியிருக்க வேண்டுமே? இங்கேதான் கிரெகரி மில்லரும் ஷெல்டன் கோஹெனும் 2002இல் ஒரு வழியைக் காட்டினார்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோர் 25 பேர், ஆரோக்கியமான குழந்தைகளின் பெற்றோர் 25 பேர். இவர்களின் இரத்தத்தில், கார்ட்டிசாலைப்போல வேலைசெய்யும் டெக்ஸாமெத்தசோனைச் சேர்த்து, அணுக்கள் இன்டர்லூக்கின்-6 சுரப்பதை எவ்வளவு அடக்குகிறது என்று பார்த்தார்கள். நோயுற்ற குழந்தைகளின் பெற்றோரிடம் அந்த அடக்கும் திறன் குறைந்திருந்தது. 2008இல் மூளைப் புற்றுநோயாளிகளைப் பராமரிக்கும் 11 பேரையும் ஒப்பீட்டுக்கு 10 பேரையும் மில்லரின் குழு ஆராய்ந்தது. சுரக்கும் கார்ட்டிசால் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பராமரிப்பவர்களின் மோனோசைட் என்ற வகை வெள்ளை அணுக்களில், கார்ட்டிசாலுக்குக் கட்டுப்படும் மரபணுக்களின் இயக்கம் மங்கியும், என்எஃப்-கப்பா பி இயக்கும் மரபணுக்கள் ஓங்கியும் இருந்தன.

திருவிழாவில் பல நாட்களாக ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் ஒரு கட்டத்தில் அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் தூங்கிவிடுவதைப்போல, அணுக்கள் கார்ட்டிசாலின் கட்டளைக்குச் செவிசாய்ப்பதை விட்டுவிடுகின்றன. கட்டளை வந்துகொண்டுதான் இருக்கிறது. கீழ்ப்படிதல்தான் இல்லை. மன அழுத்தத்தைக் கார்ட்டிசால் அளவை மட்டும் வைத்து அளக்க முயல்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இந்தக் கருத்தை நோயோடு இணைத்தவர் கோஹென். ஆரோக்கியமான 276 தன்னார்வலர்களின் மூக்கில் சளிக் கிருமியைச் செலுத்தித் தனிமையில் வைத்து நடத்திய ஆய்வு, 2012இல் வெளியானது. நீண்ட காலமாகப் பெருந்துன்பத்தில் இருந்தவர்களின் அணுக்கள் கார்ட்டிசாலுக்கு மரத்துப்போயிருந்தன. அப்படி மரத்துப்போனவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. இன்னொரு 79 பேரிடம், அணுக்கள் எவ்வளவு மரத்திருந்தனவோ அவ்வளவுக்கு, தொற்று ஏற்பட்டபின் மூக்கில் அழற்சிப் பொருட்கள் கூடுதலாகச் சுரந்தன. சளியின் தொல்லைகளில் பெரும்பகுதி கிருமியால் நேரடியாக வருபவை அல்ல. நம் உடலின் அழற்சியால் வருபவை.

தூக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. மறதிநோயாளிகள் இரவில் விழித்து நடமாடுவது சாதாரணம். பராமரிப்பவரின் தூக்கமும் அதோடு போகும். மைக்கேல் இர்வினின் குழு 2006இல், ஆரோக்கியமான 30 பேரை ஒரே ஓர் இரவு, 11 மணி முதல் அதிகாலை 3 மணி வரை விழித்திருக்க வைத்தது. மறுநாள் காலையில் அவர்களின் மோனோசைட்டுகள் இன்டர்லூக்கின்-6ஐயும் டிஎன்எஃப்-ஆல்பாவையும் வழக்கத்தைவிட அதிகமாக உருவாக்கின. ஓர் இரவுக்கே இப்படி.

உடலிலிருந்து மனத்துக்கு

பாதை ஒருவழி அல்ல. காய்ச்சல் வந்தால் பேச்சும் பிடிக்காமல், சோறும் இறங்காமல், போர்வைக்குள் சுருண்டுகொள்ளத் தோன்றுவது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சோர்வை உண்டாக்குவதும் சைட்டோகைன்களே. புற்றுநோய்க்காக இன்டர்ஃபெரான்-ஆல்பா என்ற சைட்டோகைனை மருந்தாகச் செலுத்திய காலத்தில், முன்பு மனநலத்தோடு இருந்த பலர் மனச்சோர்வில் விழுந்தார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கண்ட 40 பேரிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், போலி மாத்திரை பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்குக் கடும் மனச்சோர்வு வந்தது. முன்கூட்டியே பராக்ஸிட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடங்கியவர்களில் 11 சதவீதத்தினருக்கு மட்டுமே வந்தது.

இதைக் கேட்டதும், அழற்சியைக் குறைத்தால் மனமும் தெளியும் என்ற ஆவல் எழும். 2013இல் சார்ல்ஸ் ரைசனின் குழு, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 60 பேருக்கு, டிஎன்எஃப்-ஆல்பாவைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாபைச் செலுத்திப் பார்த்தது. மொத்தமாகப் பார்த்தால் போலி மருந்தைவிட அது சிறக்கவில்லை. தொடக்கத்திலேயே சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பலனுக்கான அறிகுறி தெரிந்தது. எனவே மனச்சோர்வு எல்லாமே அழற்சி நோய் என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம்.

ஆய்வுக்கூடங்கள் விற்கும் ‘முழு உடல் பரிசோதனை’த் தொகுப்புகளில் சி-ரியாக்டிவ் புரதமும் இடம்பெறுகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் அபாயம் குறைவு, 3க்கு மேல் அதிகம் என்பது 2003இல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் வகுத்த அளவு. 10ஐத் தாண்டினால் முதலில் கிருமித் தொற்றையோ வேறு நோயையோ தேட வேண்டும். ஈறு வீக்கம், உடற்பருமன், புகைப்பழக்கம், மூட்டு நோய் எல்லாமே இந்த எண்ணை உயர்த்தும். மன அழுத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை என்று இதை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

2020இல் எழுந்த எதிர்வாதம்

இதுவரை படித்தவர்கள், பராமரிப்பு என்றாலே இரத்தம் கெட்டுப்போகும் என்ற முடிவுக்கு வந்திருக்கக்கூடும். அதே தேசிய அறிவியல் கழக இதழில், 2020இல், டேவிட் ராத் தலைமையிலான குழு அந்த முடிவை நேருக்கு நேர் மறுத்தது.

அவர்கள் செய்தது இது. ஏற்கெனவே பெரிய அளவில் நடந்துகொண்டிருந்த ஒரு தேசிய ஆய்வில் சேர்ந்திருந்தவர்களில், பின்னாளில் பராமரிப்புப் பொறுப்பை ஏற்க நேர்ந்த 239 பேரை எடுத்துக்கொண்டார்கள். பொறுப்பு வருவதற்கு முன்னும் பின்னும் இவர்களின் இரத்தம் இருந்தது. ஒப்பிட 241 பேர். சுமார் ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஆறு அழற்சி அடையாளங்களை அளந்தபோது, ஒன்றே ஒன்றில் மட்டும் பராமரிப்பவர்களிடம் சற்றுக் கூடுதல் உயர்வு தெரிந்தது. அதுவும் மிகச் சிறியது. மறதிநோய் கண்ட துணைவரோடு வாழ்ந்த 45 பேரைத் தனியாகப் பார்த்தபோது அதுவும் இல்லை.

யார் சொல்வது சரி? இரண்டு ஆய்வுகளும் ஒரே மாதிரியான மனிதர்களை எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் வாசிப்பு. பராமரிப்பாளர்களை மருத்துவமனைகளிலும் ஆதரவுக் குழுக்களிலும் தேடினால், தாங்க முடியாமல் உதவி தேடி வந்தவர்களே அதிகம் அகப்படுவார்கள். பொதுமக்களிலிருந்து எடுத்தால், நன்றாகச் சமாளிப்பவர்களும் சேர்ந்தே வருவார்கள். 239 பேரில் ஒருவருக்குப் பகலில் ஆள் உதவி இருக்கும், இன்னொருவருக்குப் பக்கத்துத் தெருவில் அக்கா இருப்பார், மற்றொருவருக்கு யாருமே இருக்கமாட்டார்கள். சராசரி இவர்களையெல்லாம் ஒரே எண்ணாகக் கரைத்துவிடுகிறது. மறுபுறம், 45 பேர் கொண்ட சிறு பிரிவில் வேறுபாடு தெரியவில்லை என்பதை வைத்து இல்லவே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

இந்த வாசிப்புக்கு ஆதாரமாக நான் எடுத்துக்கொள்வது 1999இல் ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் வெளியிட்ட பிட்ஸ்பர்க் ஆய்வு. துணைவரைப் பராமரிக்கும் 392 முதியவர்களையும், பராமரிப்பு இல்லாத 427 பேரையும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பராமரிப்பு தம்மை வாட்டுகிறது என்று சொன்னவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தும் வாட்டம் இல்லை என்றவர்களிடம் அப்படி ஓர் உயர்வு காணப்படவில்லை. ‘பராமரிப்பாளர்’ என்று ஒரே பெட்டியில் அடைப்பதால்தான் ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று நினைக்கிறேன். கேட்க வேண்டியது, யார் பராமரிக்கிறார் என்பதோடு, எத்தனை கைகள் அதில் இருக்கின்றன என்பதையும்தான்.

நம் வீடுகளுக்கு வந்தால்

நம் ஊரில் கூட்டுக் குடும்பம் இருக்கிறது, இதெல்லாம் அமெரிக்கப் பிரச்சினை என்று சொல்பவர்கள் உண்டு. உலகின் மறதிநோயாளிகளில் ஏறக்குறைய 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியவை அல்ல என்பதைச் சுட்டும் பெயரோடு தொடங்கிய 10/66 குழு, இந்தியாவில் சென்னையிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் களம் அமைத்தது. வளரும் நாடுகளில் 706 பராமரிப்பாளர்களைப் பற்றி அக்குழு 2004இல் வெளியிட்ட முடிவு எளிதில் மறக்க முடியாதது. பெரும்பாலோர் நோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் பெண்கள். பெரிய குடும்பத்தில் சுமை ஓரளவு குறைந்தது உண்மைதான். ஆனாலும் மொத்தத்தில் அவர்கள் பட்ட வாட்டம், வளர்ந்த நாடுகளில் உள்ளவர்கள் படும் வாட்டத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பத்துப் பேர் இருக்கும் வீட்டிலும் மாமியாரைக் குளிப்பாட்டுவது பெரும்பாலும் ஒரு மருமகளின் தலையிலேயே விழுகிறது. மகன்கள் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்வதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்த மருமகளின் இரத்த அழுத்தத்தை யார் பார்க்கிறார்கள்? நோயாளியோடு மருத்துவமனைக்கு வரும் அவரிடம், உங்களுக்குத் தூக்கம் எப்படி, உங்கள் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க மருத்துவருக்கு இரண்டு நிமிடம் போதும். கேட்காமல் விடுவதில் எனக்குக் கோபம் உண்டு.

உதவி செய்தால் மாற்றம் வரும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. சான் டியேகோவில் மறதிநோயாளிகளைப் பராமரிக்கும் 100 முதியவர்களிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. தமக்குப் பிடித்த சிறு காரியங்களை அன்றாடத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பழக்கிய ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு, அவர்களின் மனச்சோர்வோடு இன்டர்லூக்கின்-6உம் குறைந்தது. கிடைத்த பலனை நீடிக்க வைப்பதே அடுத்த வேலை என்று அந்தக் குழுவே குறிப்பிட்டது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டெல்மன் செய்தது இன்னும் விரிவானது. துணைவரைப் பராமரிக்கும் 406 பேரில் பாதிப்பேருக்கு இரண்டு தனி ஆலோசனைகள். அதோடு, குடும்பத்தாரையும் கூட்டி உட்காரவைத்து நான்கு ஆலோசனைகள். பிறகு ஆதரவுக் குழு. எப்போது வேண்டுமானாலும் தொலைபேசியில் ஆலோசகர். ஆறு ஆலோசனைகளில் நான்கு குடும்பத்தாருக்கு என்பதைக் கவனியுங்கள். நோயாளியை முதியோர் இல்லத்தில் சேர்க்க நேரும் நாள் இவர்களுக்குச் சராசரியில் 557 நாட்கள் தள்ளிப்போனது. குடும்பத்தாரின் ஆதரவில் பராமரிப்பவருக்குக் கிடைத்த மனநிறைவு, நோயாளியின் நடத்தையை எதிர்கொள்ளும் பக்குவம், குறைந்த மனச்சோர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து இந்தப் பலனில் 61 சதவீதத்தை விளக்கின.

2006இல் வெளியான அந்த முடிவு அளந்தது இல்லத்தில் சேரும் நாளை; அழற்சியை அல்ல. எனவே மீதமிருக்கும் வேலை தெளிவாகவே இருக்கிறது. பராமரிக்கும் ஒருவரைச் சுற்றி உள்ளவர்கள் இரவுகளையும் பகல்களையும் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ள வைத்து, கொலம்பஸில் அளந்த இன்டர்லூக்கின்-6ஐயும் கார்ட்டிசாலுக்கு அணுக்கள் கட்டுப்படும் அளவையும் சில ஆண்டுகள் தொடர்ந்து அளக்க வேண்டும். வீடுவீடாகச் சென்று இந்தக் குடும்பங்களோடு பேசிய அனுபவம் சென்னையிலும் வேலூரிலும் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஆய்வை இங்கேயே தொடங்கலாம்.